நீச்சல் அணிக்குப் பெற்றோரைச் சேர்ப்பது: பொது அழைப்பா, கட்டாயமா, நேரில் கேட்பதா?

பிள்ளைகளின் நீச்சல் போட்டி நாள், ஆறு லேன் (நீந்தும் தடம்) உள்ள குளம் என்று வைத்துக்கொள்வோம். லேனுக்கு 3 ஸ்டாப்வாட்ச் வீதம் 18 பேர் கடிகாரத்தோடு நிற்க வேண்டும். யாராவது பட்டனைத் தவறவிட்டால் ஈடுகட்டக் கூடுதல் கடிகாரத்தோடு ஒரு தலைமை டைம்கீப்பர். பிள்ளைகளைப் பந்தய வரிசைப்படி உட்கார வைத்து அழைத்து வர இரண்டு மூன்று பேர். நேரச் சீட்டை மேசைக்குக் கொண்டுபோக ஒருவர், மேசையில் பதிவு செய்ய இருவர், மைக்கில் அறிவிக்க ஒருவர். தலைமை நடுவரான ரெஃப்ரி, பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர், ஸ்ட்ரோக்கும் (நீந்தும் முறை) டர்னும் (சுவரில் திரும்புவது) பார்க்கும் நடுவர்கள் தனி. லேனுக்கு 2 கடிகாரம் போதும் என்று சுருக்கினாலும் டைம்கீப்பர்கள் மட்டுமே 12 பேர். கோச்சுகள் பிள்ளைகளோடு இருப்பார்கள். மிச்சம் இருப்பது பெற்றோர்தான்.

அந்தப் பெற்றோரை எப்படிச் சேர்ப்பது, வந்தவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பல வழிகள் உண்டு. நான்கு பருவங்களாக ஒரு சிறுவர் அணிக்கு இந்த வேலையைச் செய்து வருகிறேன். இங்கே சொல்லும் எல்லா வழிகளையும் ஏதாவது ஒரு சமயத்தில் முயன்று பார்த்திருக்கிறேன். புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருபவர் எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய இது உதவ வேண்டும் என்று விரும்புகிறேன்.

பொது அழைப்பு

"வரும் ஞாயிறு போட்டி. உதவ விரும்புவோர் பெயர் தரவும்." வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி போடுவதில்தான் எல்லாரும் தொடங்குகிறோம். ஒரு நிமிட வேலை, யாருக்கும் சங்கடம் இல்லை. ஐந்து பேர் பெயர் தருவார்கள். போன முறை தந்த அதே ஐந்து பேர்.

மற்றவர்களுக்கு அக்கறை இல்லை என்று முதல் பருவத்தில் மனதுக்குள் குறைபட்டுக்கொண்டேன். அது சரியில்லை என்று பின்னால் புரிந்தது. 1968-இல் ஜான் டார்லி, பிப் லத்தானே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தனித்தனி அறைகளில் இருந்தவர்களுக்கு, பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற குரல் கேட்கும்படி செய்தார்கள். தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அது ஓய்வதற்குள் உதவி தேடி எழுந்து போனார்கள். இன்னும் நான்கு பேருக்கும் கேட்கிறது என்று நம்பியவர்களில் அப்படி எழுந்தவர்கள் 31 சதவீதம்தான். எல்லாரையும் பார்த்துக் கேட்பது யாரையும் பார்க்காமல் கேட்பதற்குச் சமம். உயிர் போகிற விஷயத்திலேயே அப்படி என்றால், ஞாயிற்றுக்கிழமை ஸ்டாப்வாட்ச் பிடிக்க யார் முந்திக்கொண்டு வருவார்கள்?

இன்னொரு காரணமும் உண்டு. "உதவ விரும்புவோர்" என்ற சொல்லில் வேலை என்ன என்பதே இல்லை. எத்தனை மணி நேரம், எங்கே நிற்க வேண்டும், தப்பு செய்தால் என்ன ஆகும் எதுவும் தெரியாது. அதற்குப் பெயர் கொடுக்கத் தயங்குவதில் வியப்பில்லை.

இருந்தாலும் பொது அழைப்பைத் தூக்கி எறிய வேண்டாம். பந்தயம் முடிந்து லேன் கயிறுகளைச் சுருட்டுவது, நாற்காலி அடுக்குவது, கூடாரம் போடுவது போன்ற வேலைகளுக்கு அது போதும். யார் வந்தாலும் செய்யலாம், ஒருவர் வராவிட்டாலும் நின்றுபோகாது.

கட்டாய மணிநேரமும் முன்பணமும்

பொது அழைப்பில் அலுத்துப்போன குழு அடுத்து வருவது இங்கே. ஒவ்வொரு குடும்பமும் பருவத்துக்கு இத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும். சேரும்போது ஒரு முன்பணம் கட்ட வேண்டும். உழைத்தால் திருப்பித் தரப்படும், இல்லையென்றால் அணிக்குப் போகும். காகிதத்தில் மிகவும் நியாயமாகத் தெரிகிற வழி. சுமை சமமாகப் பகிரப்படுகிறது, இடங்கள் நிரம்புகின்றன. பெரிய அணிகள் இதைப் பின்பற்றுவதற்குக் காரணம் உண்டு.

எனக்கு இதில் இருக்கும் பயத்தை ஓர் ஆய்வைக் கொண்டுதான் விளக்க முடியும். யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற பொருளாதார அறிஞர்கள் 2000-இல் வெளியிட்டது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களைக் கவனித்தார்கள். மாலையில் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையும் என்று எதிர்பார்த்தால், ஏறத்தாழ இருமடங்காகிவிட்டது. அதுவரை ஆசிரியைக்குச் சிரமம் கொடுக்கிறோமே என்று உறுத்திய மனம், அபராதம் வந்த பிறகு 'காசு கொடுத்துவிட்டோமே' என்று நிம்மதியடைந்தது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை.

முன்பணத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. வசதி உள்ளவர் அதை விட்டுக்கொடுத்து ஞாயிற்றுக்கிழமையை விலைக்கு வாங்கிக்கொள்வார். கைக்கும் வாய்க்கும் உழைக்கிற குடும்பம், இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்து குளக்கரையில் நிற்கும். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர், வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர் எல்லாரும் ஒரே அளவுகோலில் வந்துவிடுகிறார்கள். அப்புறம், கட்டாயத்தால் வந்தவர் மணியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். லேன் முடிவில் நிற்கும் டைம்கீப்பர் அப்படி நின்றால் ஏதோ ஒரு பிள்ளையின் மாதக்கணக்கான உழைப்பு தவறான எண்ணாகப் பதிவாகும்.

வேறு வழியில்லாமல் கட்டாயம் வைத்தால் மூன்று விஷயங்களை விட்டுவிடாதீர்கள். மணிநேரத்தை மிகக் குறைவாக வையுங்கள். போட்டி நாளில் வர முடியாதவர் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலைகளையும் கணக்கில் சேருங்கள்: பதிவுப் பட்டியல் தட்டச்சு செய்வது, பயணத்துக்கு வண்டிகளைப் பேசி ஒழுங்கு செய்வது, முடிவுகளைச் சரிபார்ப்பது. விலக்கு கேட்பவர் ஒரே ஒருவரிடம் தனியாகச் சொன்னால் போதும், காரணத்தைக் குழு முன் விளக்க வேண்டியதில்லை என்று எழுத்தில் வைத்துவிடுங்கள்.

பேர் சொல்லி, வேலை சொல்லி, நேரில் கேட்பது

என் ஓட்டு இதற்குத்தான். அதிக உழைப்பு கேட்கும் வழியும் இதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளை தண்ணீரில் இருக்கும் ஒரு மணி நேரம், பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்து இப்படிக் கேட்பேன்: "அடுத்த போட்டியில 4-ஆவது லேன்ல ஸ்டாப்வாட்ச் பிடிக்கணும். காலையில முதல் ஒன்றரை மணி நேரம் மட்டும். உங்க பக்கத்துல ரெண்டு வருஷமா செய்யிறவர் நிப்பாரு. உங்க பையன் பந்தயம் வரும்போது வேற ஒருத்தர் மாத்திவிடுவார். வர்றீங்களா?"

இதில் வேலை இருக்கிறது, இடம் இருக்கிறது, தொடக்கமும் முடிவும் இருக்கிறது, துணைக்கு ஆள் இருக்கிறது. பிள்ளையின் பந்தயத்தைப் பார்க்க முடியாமல் போய்விடுமோ என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. அந்தக் கடைசிப் பயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் மறுப்புகளில் பாதிக்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு. மற்றொரு பாதி, "எனக்கு நீச்சலே தெரியாதுங்களே." நீச்சல் தெரியாதவரால் இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்ய முடியும் என்று யாரும் அவர்களிடம் சொன்னதே இல்லை. வேலைக்கு மறுப்பவர்களைவிட, தெரியாத ஒன்றில் மாட்டிக்கொள்வோமோ என்று தயங்குபவர்களே அதிகம். அதனால்தான் ஆள் சேர்ப்பதும் கற்றுக்கொடுப்பதும் ஒரே முடிவு என்று நினைக்கிறேன். கற்றுக்கொடுக்கும் வழி தெளிவாக இருந்தால்தான் கேட்பவரின் வாய்க்குத் தைரியம் வரும்.

கேட்கும் காலமும் முக்கியம். பருவம் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் கேளுங்கள். அப்போது எல்லாருமே புதியவர்கள், எல்லாருக்குமே ஏதாவது ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று இருக்கும். போட்டிக்கு மூன்று நாள் முன் பதற்றத்தோடு கேட்டால் அந்தப் பதற்றம்தான் அவர்களைத் தொற்றிக்கொள்ளும்.

இந்த வழியின் குறைகள் சின்னவை அல்ல. ஒருங்கிணைப்பவரின் நேரத்தை விழுங்கிவிடும். அதைவிட மோசமான குறை: நமக்குப் பழக்கமானவர்களையே, நம் மொழி பேசுகிறவர்களையே, சிரித்த முகத்தோடு இருப்பவர்களையே போய்க் கேட்போம். ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாவை ஒரு முழுப் பருவமும் நான் கேட்கவே இல்லை. அடுத்த பருவத்தில் கேட்டபோது, "யாரும் கூப்பிடலையேன்னு நினைச்சேன்" என்றார். அது எனக்கு இன்றும் வருத்தம். அதற்குப் பிறகு மொத்தக் குடும்பங்களின் பட்டியலையும் அகர வரிசையில் நோட்டில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் கேட்ட தேதி போடுகிறேன். பட்டியல் முடியும் முன் யாரையும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

வெளியாட்களை அமர்த்துவது

சில குழுக்கள் பணம் கொடுத்து ஆள் அமர்த்துகின்றன. ரெஃப்ரி, ஸ்டார்ட்டர் போன்ற சான்று பெற்ற நடுவர்களுக்கு இது சரி. பல இடங்களில் அதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஒரு வேலையை மட்டும் எந்த நிலையிலும் தன்னார்வப் பெற்றோரிடம் இன்னொரு வேலையோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. அது உயிர்காப்பாளர் வேலை. நீரில் மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை, கையை ஆட்டுவதில்லை, சத்தமில்லாமல் அமிழ்ந்துவிடுவார். சீட்டு எழுதிக்கொண்டே, கடிகாரம் பிடித்துக்கொண்டே அதைக் கவனிக்க முடியாது. வார்ம்-அப் நேரத்தில் குளம் நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது, பயிற்சி பெற்ற ஒருவர் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கற்றுக்கொடுப்பது: வகுப்பா, கையேடா, பக்கத்தில் நிற்க வைப்பதா

எங்கள் குழு முதலில் செய்தது, பருவத்துக்கு முன் எல்லாருக்கும் சேர்த்து இரண்டு மணி நேர வகுப்பு. எல்லா வேலைகளையும் பலகையில் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார்கள், கலைந்தார்கள். ஆறு வாரம் கழித்துப் போட்டி நாளில் யாருக்கும் ஒன்றும் நினைவில்லை. அடுத்து, 14 பக்கக் கையேடு அனுப்பினோம். பக்க எண்ணிக்கையைக் கேட்டாலே அது என்ன ஆகியிருக்கும் என்று தெரியும். இப்போது வேலைக்கு ஏற்றபடி வேறுபடுத்துகிறேன்.

டைம்கீப்பர் வேலைக்குப் பக்கத்தில் நின்று பழகுவதே சிறந்தது. ஒரு சாதாரணப் பயிற்சி நாளில் 10 நிமிடம் போதும். கற்க வேண்டியவை சில: ஸ்டார்ட்டரின் கருவியில் விளக்கு மின்னுவதைப் பார்த்துப் பட்டனை அழுத்த வேண்டும், ஒலியைக் கேட்டு அல்ல. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 25 மீட்டர் குளத்தில் சிறுபிள்ளைகளின் 25 மீட்டர் பந்தயம் எதிர்முனையில் தொடங்கும். ஒலி உங்களிடம் வந்து சேர 0.07 நொடி ஆகிவிடும். நூற்றில் ஒரு பங்கு நொடி வரை எழுதும் விளையாட்டில் அது ஏழு படி. முடிவில், சுவரின் விளிம்புக்கு வந்து நேராகக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். உடலின் எந்தப் பகுதி சுவரைத் தொட்டாலும் அழுத்த வேண்டும். தண்ணீர் தெறித்துக் கால் நனையும், அதனால் நல்ல ஷூ போட்டு வர வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மூன்று கடிகாரத்தின் விதியையும் அப்போதே சொல்வேன். இரண்டு ஒத்துப்போனால் அதுவே நேரம். மூன்றும் வேறுபட்டால் நடுவில் இருப்பது. ஒன்று நின்றுபோய் இரண்டு மட்டும் இருந்தால் அவற்றின் சராசரி. இதைக் கேட்டதும் புதியவரின் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். தன் ஒரு தவறு ஒரு பிள்ளையைப் பாழாக்கிவிடாது, பட்டனைத் தவறவிட்டால் உடனே கையை உயர்த்தினால் போதும் என்று புரிந்துவிடுகிறது.

பயிற்சி நாளில் நான் செய்யும் ஒரு காரியத்தை மற்ற அணிகளுக்கும் பரிந்துரைப்பேன். புதிதாக வந்த ஏழெட்டுப் பேரையும் ஒரே லேன் முடிவில் நிறுத்தி, ஒரே நீச்சல்காரரை 50 மீட்டருக்கு நேரம் எடுக்கச் சொல்லுங்கள். எல்லாக் கடிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் சுற்றில் எண்கள் சிதறிக் கிடக்கும். மூன்றாம் சுற்றில் நெருங்கி வரும். யாரையும் திருத்தாமலே அவர்கள் தங்களைத் திருத்திக்கொள்வார்கள்.

கண்ணும் கடிகாரமும் முரண்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1960 ரோம் ஒலிம்பிக்கைச் சொல்வேன். ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டுக்கு மூன்று டைம்கீப்பர்களும் 55.2 நொடி என்றார்கள். அமெரிக்காவின் லான்ஸ் லார்சனுக்கு 55.0, 55.1, 55.1. ஆனால் முடிவை நேரில் பார்த்த நடுவர்கள் பிளவுபட, தங்கம் டெவிட்டுக்குப் போனது. ஒமேகா நிறுவனம் 1967-இல் தொடுபலகையைக் கொண்டு வந்தது. நீந்துபவரே சுவரைத் தொட்டுக் கடிகாரத்தை நிறுத்தும் காலம் பிறந்தது. தொடுபலகை இல்லாத குளங்களில் இன்றும் பெற்றோரின் விரல்தான் அந்த வேலையைச் செய்கிறது. இந்தக் கதையைச் சொன்ன பிறகு யாரும் கடிகாரத்தை அலட்சியமாகப் பிடித்து நான் பார்த்ததில்லை.

பிள்ளைகளை வரிசைப்படுத்தும் வேலைக்கு வகுப்பே வேண்டாம். ஒரு போட்டி முழுவதும் அனுபவசாலியோடு நடந்தாலே போதும். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை எந்த நேரமும் எண்ணிக்கொண்டே இருப்பது, பிள்ளையின் கையில் பேனாவால் பந்தய எண், ஹீட் (எத்தனையாவது சுற்று), லேன் எழுதி வைப்பது, அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவது. இதில் தேர்ந்தவர்கள் பெரும்பாலும் அமைதியான குணமுள்ளவர்கள்தான். சத்தமாகப் பேசுகிறவரை மைக்குக்கு அனுப்புங்கள், வரிசைக்கு வேண்டாம்.

ஸ்ட்ரோக், டர்ன் பார்க்கும் நடுவர் வேலைக்கு மட்டும் வகுப்பு தவிர்க்க முடியாதது. விதி தெரியாமல் கண் மட்டும் வைத்து இதைச் செய்ய முடியாது. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கைகளும் ஒரே சமயத்தில் தொட வேண்டும். பேக்ஸ்ட்ரோக்கை மல்லாந்தபடியே முடிக்க வேண்டும். பட்டர்ஃபிளை, பேக்ஸ்ட்ரோக், ஃப்ரீஸ்டைலில் தொடங்கிய பிறகும் ஒவ்வொரு முறை திரும்பிய பிறகும் 15 மீட்டருக்குள் தலை நீருக்கு மேலே வந்தாக வேண்டும். ரிலேயில் முந்தியவர் சுவரைத் தொடுவதற்கு முன் அடுத்தவரின் கால் பிளாக்கை (குதிக்கும் மேடை) விட்டு எழும்பக் கூடாது. முறையான சான்றிதழ்ப் பயிற்சி கிடைக்கும் இடங்களில் அதற்கே அனுப்புங்கள். அதன்பிறகும் சில போட்டிகளில் பழைய நடுவரின் பக்கத்தில் நின்று, தான் பார்த்ததையும் அவர் பார்த்ததையும் ஒப்பிட்டுப் பழக வேண்டும். புதியவர் பழக வேண்டிய பெரிய விஷயம், அழகில்லாத நீச்சலும் விதிமீறலும் வேறு வேறு என்பது. சந்தேகம் இருந்தால் பலன் நீந்துகிறவருக்கே. தகுதிநீக்கம் என்று முடிவு செய்வது ரெஃப்ரி. நடுவர் பார்த்ததைச் சொல்வதோடு சரி. தன் பிள்ளை நீந்தும் லேனில் நடுவராக நிற்காமல் இடம் மாறிக்கொள்வதையும் முதல் நாளே வழக்கமாக்கிவிடுங்கள்.

எந்த வழியில் சேர்ந்தவராக இருந்தாலும், எந்த வேலைக்கு வந்தவராக இருந்தாலும் சில விஷயங்கள் பொது. பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியாக அடைந்த இடத்தில் இருக்கக் கூடாது. உடைமாற்றும் அறையில் தொலைபேசியை எடுக்கக் கூடாது. அந்த ஊரின் சட்டம் கேட்கும் பின்னணிச் சோதனை முடியாமல் பொறுப்பு கொடுக்கக் கூடாது. நன்றாகத் தெரிந்தவர்தானே என்று இதில் யாருக்கும் விலக்கு கொடுக்காதீர்கள். இதைக் கேட்டு ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

உங்கள் அணிக்கு எது?

முப்பது குடும்பங்களுக்குள் உள்ள அணி என்றால் நேரில் கேட்பது மட்டுமே போதும். முன்பணம் பற்றிய பேச்சையே எடுக்காதீர்கள், இருக்கும் நெருக்கத்தைக் கெடுத்துவிடும். முப்பதிலிருந்து நூறு வரை என்றால், வயதுப் பிரிவுக்கு ஒருவர் வீதம் பிரித்துக்கொண்டு ஒவ்வொருவரும் இருபது குடும்பங்களைக் கேட்கலாம். நூறைத் தாண்டிய, அடிக்கடி சொந்தக் குளத்தில் போட்டி நடத்தும் அணிக்குக் குறைந்த அளவு கட்டாயம் தேவைப்படலாம். அப்போதும் முதலில் கேளுங்கள், கேட்டும் வராதவர்களுக்கான கடைசி விதியாக மட்டும் கட்டாயத்தை வையுங்கள். விதியை முதலில் அறிவித்துவிட்டு அப்புறம் போய் அன்பாகக் கேட்டால், அந்த அன்பை யாரும் நம்ப மாட்டார்கள்.

எந்த அளவு அணியாக இருந்தாலும் தேவைக்கு மேல் இரண்டு பேரை அதிகமாக அழையுங்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒரு வண்டி பழுதானாலும் காலை ஏழு மணிக்கு உங்களுக்கு அழைப்பு வரும்.

கடைசியாக, இந்த வேலையை ஒருங்கிணைப்பவர் ஒருவரா, இருவரா என்பது. நான் மூன்று பருவங்கள் தனியாகச் செய்தேன். என் மகள் நீச்சலை விட்டால் நானும் போய்விடுவேன். நோட்டில் உள்ள பெயர்களும் யார் எதற்குச் சரிப்படுவார் என்ற நினைவும் என்னோடு போய்விடும். போன பருவத்திலிருந்து, புதிதாக வந்த சின்னப் பிள்ளை ஒருவரின் தந்தை என்னோடு சேர்ந்து கேட்கிறார். அவருடைய பையனுக்கு ஏழு வயது. பெஞ்சில் இப்போது இரண்டு பேராகப் போய் உட்காருகிறோம். முதலில் நான் பேசுவேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். கடந்த மாதத்திலிருந்து அவர் பேசுகிறார், நான் நோட்டில் தேதி போடுகிறேன்.